பட்டியலின் பதினோராவது வரி: ஒரு கல்லூரி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், முதல்வர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வாரம் உங்கள் கல்லூரி அலுவலக வாசலில் ஓர் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. கழிவுப் பொருட்களின் பட்டியல். உடைந்த பெஞ்சுகள், ஓடாத ஜெனரேட்டர், துருப்பிடித்த அலமாரிகள், ஜன்னல் கம்பிகள் என்று போய், பதினோராவது வரியில் இப்படி இருந்தது: ‘பழைய ஏரோபிளேன் – 1. தோராய எடை 500 கிலோ. உள்ளது உள்ளபடி.’ அந்த வரியை மூன்று முறை படித்தேன். பெயர் இல்லை, தயாரித்த ஆண்டு இல்லை, எங்கிருந்து வந்தது என்று இல்லை. எடை மட்டும் இருந்தது.

இந்த விமானத்தைப் பற்றி இதற்கு முன் மூன்று கடிதங்கள் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு முறை நேரில் வந்து காத்திருந்தும் பார்த்திருக்கிறேன். எழுத்தில் ஒரு பதிலும் வரவில்லை. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இந்திய விமானப்படையில் 20 ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன். எஞ்சினைத் தவிர்த்து விமானத்தின் உடம்பு, இறக்கை, வால், சக்கரம், கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதில் ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தின் பீதரில், புதிதாகச் சேரும் விமானிகள் முதல் பாடம் படிக்கும் பள்ளியில் கழிந்தது. அங்கே நான் தினமும் தொட்டு வேலை பார்த்த விமானத்தின் உடன்பிறப்புதான் உங்கள் வளாகத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், புங்க மரத்தடியில் நிற்கிறது. அதன் பெயர் எச்.டி.-2. ஹிந்துஸ்தான் டிரெய்னர் என்பதன் சுருக்கம்.

முதலில் அதன் முன்னால் நீங்கள் வைத்திருக்கும் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘இந்திய விமானப்படையின் போர் விமானம். 1971 போரில் எதிரிகள் மீது குண்டு வீசியது’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு வாக்கியங்களும் தவறு. எச்.டி.-2 குண்டு வீசப் பிறந்த விமானம் இல்லை. வருங்கால விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கப் பிறந்தது. தரையில் ஓட்டுவது எப்படி, மேலே ஏறுவது எப்படி, திரும்புவது எப்படி, வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது என்ன செய்வது, கடைசியில் பத்திரமாகத் தரையைத் தொடுவது எப்படி என்ற அரிச்சுவடிதான் அதன் வேலை. 1965-லும் 1971-லும் போருக்குப் பறந்தவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்தது இதில்தான். இந்த உண்மையை எழுதியிருந்தாலே போதும். குண்டு வீசிய கதை தேவையே இல்லை.

இதன் வரலாறு சின்னதுதான், ஆனால் இந்த நாட்டின் விமானத் தொழிலுக்கு அதுதான் முதல் அத்தியாயம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை, அதாவது இன்றைய எச்.ஏ.எல்.-ஐத், தொடங்கினார். ஆரம்ப காலத்தில் அங்கே நடந்தது வெளிநாட்டு விமானங்களைப் பூட்டுவதும் பழுதுபார்ப்பதும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படைக்கான பழுதுபார்ப்பு வேலைகளும் அங்கே நடந்தன. அடுத்தவர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்வதில் கை தேர்ந்துவிட்டது. சொந்தமாக ஒரு படம் வரைந்து, அது பறக்கும் என்று காட்டுவதுதான் பாக்கி இருந்தது.

அந்த வேலை 1948-ல் தொடங்கியது. தலைமை தாங்கியவர் வி. எம். காட்கே. ஜெர்மனியின் கட்டிங்கனில், காற்றியக்கவியலின் பிதாமகர்களில் ஒருவரான லுட்விக் பிராண்ட்டலிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1951 ஆகஸ்டில் முதல் எச்.டி.-2 பறந்தது. ஓட்டியவர் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. அதில் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் இருந்தது. 1952 பிப்ரவரியில் பறந்த இரண்டாவது விமானத்துக்கு 155 குதிரைசக்தி கொண்ட சிர்ரஸ் மேஜர் எஞ்சின் போட்டார்கள், அதுவே நிலைத்தது. சுதந்திரம் கிடைத்து நான்கே ஆண்டுகள். நம் ஆட்கள் வரைந்து, நம் ஆட்கள் தகடு வெட்டி, ரிவெட் அடித்து, நம் ஆள் ஒருவர் மேலே கொண்டுபோய் இறக்கினார்.

அதுவரை விமானப்படையில் அரிச்சுவடி நடந்தது டைகர் மாத் விமானத்தில். பிரிட்டிஷ் விமானம், இரட்டை இறக்கை, மேலே துணி போர்த்திய உடம்பு, விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. எச்.டி.-2 முழுக்க உலோகம். ஒற்றை இறக்கை, அதுவும் எந்தத் தாங்கு கம்பியும் இல்லாமல் உடம்பிலிருந்து தானே நீளும் இறக்கை. மாணவரும் பயிற்சியாளரும் ஒருவர் பின் ஒருவராக, கண்ணாடி மூடிக்குள் உட்காரலாம். சுமார் 170 விமானங்கள் செய்தார்கள். 1959-ல் கானா தன் விமானப்படையைத் தொடங்கியபோது இங்கிருந்து 12 எச்.டி.-2 போயின. சுதந்திரம் பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆன ஒரு நாடு, இன்னொரு புதிய நாட்டுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உங்கள் பலகையில் எழுத இதைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, வரலாறு புத்தகத்தில் கிடைக்கும், அதற்கு இந்தத் தகரம் எதற்கு என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டவர் யார் என்று எழுதப்போவதில்லை. அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பீதரில் பொழுது விடியும் முன்பே நாங்கள் ஃபிளைட் லைனில், அதாவது விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், இருப்போம். பனிக்காலத்தில் இறக்கைத் தகட்டில் கை வைத்தால் விரல் நுனி மரத்துப்போகும். எஞ்சின்காரர் முதலில் செய்யும் வேலை, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, காற்றாடியைக் கையால் மெதுவாகச் சுற்றுவது. ஏன் தெரியுமா? சிர்ரஸ் மேஜர் தலைகீழாக வைத்த எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் கீழே பார்த்துத் தொங்கும். அப்படி வைத்தால் காற்றாடியின் அச்சு உயரத்தில் அமையும், தரைக்கும் காற்றாடிக்கும் இடைவெளி கிடைக்கும். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் எண்ணெய் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் நசுங்காது. அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும். அதனால் கையால் சுற்றும்போது எங்காவது பிடித்துக்கொள்கிறதா என்று உணர வேண்டும். பிடித்தால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எண்ணெய் நசுங்காது என்பது புத்தகத்தில் ஒரு வரி. அதைத் தோள்பட்டையில் உணர்ந்தவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

இன்னொன்று. இந்த விமானத்துக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே உட்கார்ந்தால் நேர் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் மாணவர்கள் ஓடுபாதைக்குப் போகும் வழியெல்லாம் பாம்பு போல வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். இறங்கும்போது சோதனை இதைவிடப் பெரியது. விமானத்தின் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், கொஞ்சம் கோணலாகத் தரையைத் தொட்டாலும் வால் முன்னே வரப் பார்க்கும். விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கை நுனியைத் தரையில் இடிக்கும். அப்படி இடித்து வளைந்த நுனிகளை எத்தனையோ முறை கழற்றிச் சரிசெய்திருக்கிறேன். இதில் இறங்கப் பழகியவனுக்கு எதிலும் இறங்க வரும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

உங்கள் கல்லூரியில் விமானப் பொறியியல் பிரிவு இருக்கிறது. எடை மையம் சக்கரத்துக்கு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்று இரண்டாம் ஆண்டில் கணக்குப் போட வைக்கிறீர்கள். அந்தக் கணக்கு வகுப்பறையிலிருந்து 200 அடி தூரத்தில் நிற்கிறது. ஒரு வகுப்பைக் கூட அங்கே அழைத்துப் போகவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு மாணவி வந்து, “ஐயா, இதுல எஞ்சின் எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். மூக்குப் பகுதியில் எஞ்சினைத் தாங்கிய குழாய்ச் சட்டத்தைக் காட்டி, நான்கு போல்ட்டுகள் எப்படி அந்த எடையையும் இழுவையையும் தாங்கின என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். மறுநாள் வாட்ச்மேன், வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டதாக என்னிடம் சங்கடத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

உங்கள் முன் கூடத்தில் அப்துல் கலாம் அவர்களின் பெரிய படம் இருக்கிறது. அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே விளக்கத்துக்காக வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தன்னை எப்படி ஈர்த்தன என்று அவரே எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம். அந்த விமானங்களும் பறக்காதவைதான். அவற்றை யாரும் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் ஒரு பையன் அவற்றின் பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறீர்கள். அவர் உட்கார்ந்திருந்த மாதிரியான ஓர் இடம் உங்களிடமே இருக்கிறது, அதை விற்கப் போகிறீர்கள்.

இந்த விமானம் உங்களிடம் எப்படி வந்தது என்று இப்போதைய நிர்வாகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. எண்பதுகளின் கடைசியில் எச்.டி.-2 படையிலிருந்து ஓய்வு பெற்றது. சில ஆண்டுகள் கழித்து, உங்கள் பழைய முதல்வர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, ஒரு விமானத்தை லாரியில் கொண்டுவந்தார். இறக்கைகள் தனியாக, உடம்பு தனியாக, வைக்கோல் அண்டக்கொடுத்து வந்தது. அப்போது நான் படையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செய்தி கேட்டுப் போனேன். நானும் உங்கள் பட்டறை ஆசிரியர் ஒருவரும் பதினாறு மாணவர்களும் சேர்ந்து, இரண்டு நாள் வேலையில் இறக்கைகளைப் பூட்டினோம். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 35 அடி. அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் எட்டுப் பேர் தூக்கிப் பிடிக்க, நான் உள்ளே குனிந்து போல்ட்டைத் துளைக்கு நேராகக் கொண்டுவந்தேன். அது உள்ளே இறங்கிய சத்தம் கேட்டுப் பையன்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலோடு சரி. அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்தது என்ன என்று சொல்கிறேன். எஞ்சினை ஆய்வகத்துக்கு என்று கழற்றினார்கள். இப்போது அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சுவருக்கு அடிக்கும் வெள்ளி நிற பெயின்ட்டை, அடிப்பூச்சு எதுவும் இல்லாமல், அழுக்கின் மேலேயே இரண்டு முறை அடித்தார்கள். ஆண்டு விழாவில் இறக்கை மேல் ஏறிப் படம் எடுத்ததில் பின் விளிம்பு மடங்கியது. வால் சக்கரத்தின் கால் ஒடிந்தது. அதற்குப் பதில் செங்கல் அடுக்கினார்கள். டயர்களைச் சுற்றி சிமென்ட் போட்டுவிட்டார்கள். கண்ணாடி மூடி வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, அந்த வழியாக ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அனுமதி கேட்டு, இறக்கையின் அடியில் இருக்கும் ஆய்வு மூடி ஒன்றைத் திறந்தேன். திருகைக் கழற்றியதும் கருப்புத் தண்ணீர் கொட்டியது, அரை வாளி இருக்கும். கூடவே மைனா கூட்டின் குச்சிகள். இறக்கையின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். உங்கள் பெயின்ட் அவற்றை அடைத்துவிட்டிருந்தது. அவ்வளவுதான் காரணம். ஒரு குண்டூசியால் குத்தித் திறந்துவிட்டிருந்தால் இறக்கைக்குள் குளம் கட்டியிருக்காது.

மூடியைத் துடைத்தபோது அதன் உள்பக்கத்தில் ஒன்றைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு வட்டம், அதற்குள் மங்கிய எழுத்தும் எண்ணும். தொழிற்சாலை ஆய்வாளரின் முத்திரை. ஒவ்வொரு பாகத்தையும் ஒருவர் அளந்து பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு குத்தியது. ஐம்பதுகளில் பெங்களூரில் யாரோ ஒருவர் குத்திய முத்திரை, மழையிலும் மைனா எச்சத்திலும் தப்பி அங்கே இருந்தது. எங்கள் தொழிலில் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. காலையில் நான் பார்த்து முடித்ததும் ஃபார்ம் 700 பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன், எஞ்சின்காரர் போடுவார், கடைசியில் விமானத்தை எடுத்துப்போகும் விமானி, எங்கள் கையெழுத்துகளைப் படித்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவார். பத்தொன்பது இருபது வயதுப் பையன், முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறவன், என் கையெழுத்தை நம்பி ஏறுவான். அவன் திரும்பி வந்து சக்கரம் தரையைத் தொடும்வரை எனக்கு டீ இறங்காது. உங்கள் ஏல அறிவிப்பின் அடியில் கையெழுத்து இல்லை. ‘நிர்வாகம்’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. விமானம் இருக்கும் நிலையில் ஆபத்து என்று முதல்வர் சொன்னார். உண்மைதான். செங்கல் சரிந்தால் வால் பகுதி கீழே இருப்பவர் மேல் விழும். ஆனால் ‘துருப்பிடித்து உளுத்துப் போய்விட்டது’ என்று அவர் சொன்னது சரியில்லை. இது அலுமினியக் கலவை. இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடியாகப் பூக்கும், ஏடு ஏடாக உரியும். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் ஈரம் நின்றால் அரிப்பு வேகமாகும். நான் பார்த்தவரை அரிப்பு வால் பகுதியிலும் இறக்கையின் அடித்தகட்டிலும் இருக்கிறது. முதன்மைச் சட்டம் உறுதியாக இருக்கிறது. இது மறுபடி பறக்கப் போவதில்லை, நிற்கத்தான் போகிறது. நிற்பதற்கான பலம் அதற்கு இன்னும் இருக்கிறது.

வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். 35 அடிக்கு 25 அடி இடம். அங்கே எத்தனை கார் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்குத் தடையாக இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து விமான மானிகளில், அதாவது வேகம், உயரம் காட்டும் கருவிகளில், இருட்டில் ஒளிரும்படி எண்களுக்குக் கதிர்வீச்சு உள்ள ரேடியம் கலந்த பூச்சு பூசும் வழக்கம் இருந்தது. உங்கள் விமானத்தின் முன் இருக்கையில் நான்கு மானிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ரேடியம் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பூச்சு கண்ணாடிக்குள் இருக்கும்வரை பெரிய பயம் இல்லை. சுத்தியலால் உடைத்து, பொடியை மூச்சில் இழுத்தால் கதை வேறு. 2010-ல் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் பழைய பொருள் என்று ஏலத்தில் விட்ட கருவிக்குள் கடும் கதிர்வீச்சு உள்ள கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்த பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஓர் உயிர் போனது. மானிகளில் இருக்கக்கூடிய அளவு அதற்குப் பக்கத்தில் கூட வராது. ஆனால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி, கையுறை கூடப் போடாத ஒரு தொழிலாளியிடம் தள்ளிவிடும் தவறு அதேதான்.

பழைய விமானத்தைப் பற்றி இவ்வளவு உருக வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எச்.டி.-2-க்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் ஏன் என்று புரியும். காட்கேயின் குழு அடுத்து புஷ்பக், கிரிஷக் என்று சிறு விமானங்கள் செய்தது. 1964 செப்டம்பரில் கிரண் ஜெட் பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டது. எச்.டி.-2-இன் இடத்துக்கு வந்தது எச்.பி.டி.-32 தீபக். அதன் எஞ்சின் வானத்தில் நின்றுபோகும் சிக்கல் தீரவே இல்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தார்கள். 2009-ல் அதை மொத்தமாக நிறுத்தினார்கள். அப்புறம் அரிச்சுவடி நடத்த விமானம் இல்லாமல், சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்திடம் 75 விமானங்களுக்கு 2012-ல் ஒப்பந்தம் போட்டோம். 1951-லேயே சொந்தமாகப் பயிற்சி விமானம் வடித்த நாடு நாம். மறுபடி பெங்களூரில் நம் சொந்தப் பயிற்சி விமானமான எச்.டி.டி.-40 முதன்முதலாகப் பறந்தது 2016 மே 31-ஆம் தேதி. அதில் 70 விமானங்களுக்கு 2023-ல் ஒப்பந்தமானது. இடையில் என்ன விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்ற கேள்வி உங்கள் மாணவர்கள் மனதில் வர வேண்டும். நாளைக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகப்போவது அவர்களில் சிலர்தான். அந்தக் கேள்வியின் முதல் வரி உங்கள் மரத்தடியில் நிற்கிறது.

ஆகவே, இவற்றைக் கேட்கிறேன்.

ஏலப் பட்டியலிலிருந்து பதினோராவது வரியை உடனே நீக்குங்கள். மற்றதை எல்லாம் விற்றுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விமானம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது எழுதிய காகிதங்கள் பழைய கோப்பில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை அதைப் பார்த்து, விமானப்படைக்கும் எழுதிக் கேட்டு உறுதிசெய்யுங்கள். படை கொடுத்த பொருளைப் படையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்புறப்படுத்துவது முறையில்லை.

மானிகளைக் கதிர்வீச்சு அளக்கத் தெரிந்தவரை வைத்துச் சோதியுங்கள். உங்கள் இயற்பியல் துறையே அதற்கு வழி சொல்லும். அதுவரை மாணவர்கள் யாரும் உள்ளே ஏற வேண்டாம், நான் உட்பட யாரும் மானிகளைத் தொட வேண்டாம்.

அதன்பின் விமானத்தை வைத்துக்கொள்ள முடிவு செய்தால், செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. மேலே ஒரு தகரக் கூரை. சக்கரங்களைச் சுற்றியிருக்கும் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, எடையை எஃகுத் தாங்கிகளில் ஏற்ற வேண்டும். துளைகளைத் திறந்து, உள்ளே இருப்பதை வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். பழைய பெயின்ட்டைக் காரம் இல்லாத கரைப்பானால் எடுக்க வேண்டும். மணல் வீச்சு வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடு பிய்ந்துவிடும். பிறகு அலுமினியத்துக்கான அடிப்பூச்சு, அதற்கு மேல் பயிற்சி விமானத்துக்கு உரிய மஞ்சள். என்னோடு படையில் இருந்த நான்கு பேர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் கூலி வாங்காமல் வருகிறோம். மாணவர்களையும் எங்களோடு விடுங்கள். அதையே ஒரு செய்முறைப் பாடமாக வையுங்கள்.

அந்தப் பலகையை அகற்றுங்கள். உண்மையை எழுதிய பலகைக்கான வாசகத்தை இரண்டாவது கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்தேன். தொலைந்திருந்தால் மறுபடி தருகிறேன்.

எப்படிப் பார்த்தாலும் வைத்துக்கொள்ள முடியாது என்றால், அதையும் ஏற்கிறேன். அப்படியானால் எடைக்குப் போடாமல், பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்துக்கோ, விமானப் பொறியியல் கற்பிக்கும் வேறு கல்லூரிக்கோ எழுதிக் கேளுங்கள். பிரித்து லாரியில் ஏற்றும் வேலையை நாங்கள் செய்து தருகிறோம். பூட்டியவனுக்குக் கழற்றவும் தெரியும்.

கடைசியாக ஒன்று. இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ‘நிர்வாகம்’ என்று போடாமல், முடிவெடுத்தவர் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். ஏலம் இந்த மாதம் 18-ஆம் தேதி என்று போட்டிருக்கிறீர்கள். 16-ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
இந்திய விமானப்படை